அறிஞர் வரிசையிலிருந்து ஸ்டாலினை எடுத்துவிடுங்கள்: தொகுப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தொகுப்புக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் உலக அறிஞர்கள் வரிசையின் புதிய தொகுதியில் ஜோசப் ஸ்டாலினுக்குத் தனி அத்தியாயம் கொடுத்திருப்பது பற்றி வாசகர்கள் பலர் உங்களுக்கு எழுதினார்கள். நானும் எழுதினேன். பதிலும் வந்தது. எல்லோருக்கும் ஒரே பதில்தான் போயிருக்கிறது என்று அப்புறம் தெரிந்தது: நீங்கள் கருத்துகளை மட்டும்தான் எடைபோடுகிறீர்களாம், ஆட்களுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் தருவதில்லையாம். தனியாகக் கேட்டதற்கு அச்சடித்த பதில் கிடைத்ததால், இப்போது எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறேன்.

கோரிக்கை ஒன்றுதான். அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயத்தை அறிஞர் வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஸ்டாலின் படிப்பறிவில்லாதவர், மந்தபுத்திக்காரர் என்று வாதாட நான் வரவில்லை. அது எடுபடாது. பாதிரியார் ஆவதற்கான பள்ளியில் ஐந்து ஆண்டுகள் படித்தவர். 1895இல், பதினாறு வயதில், அவருடைய ஜார்ஜியக் கவிதைகள் 'இவேரியா' இதழில் வந்தன. அவரது நூலகத்தில் 20,000க்கும் மேற்பட்ட நூல்கள் இருந்தன. அலங்காரத்துக்கு வாங்கி வைத்தவையும் அல்ல. வண்ணப் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் திட்டி, சிரித்து, சண்டை போட்டுப் படித்திருக்கிறார். 1948இல், மரபியலை மறுத்த வேளாண் விஞ்ஞானி லைசென்கோவின் அறிக்கை அவர் மேசைக்கு வந்தபோது, எல்லா அறிவியலும் வர்க்கம் சார்ந்ததுதான் என்ற இடத்துக்குப் பக்கத்தில் "ஹா ஹா ஹா! அப்படியானால் கணிதம்?" என்று எழுதினார். கூர்மையான ஆள்தான், சந்தேகமே இல்லை. நீங்களும் இதை மிகவும் ரசித்து எழுதியிருக்கிறீர்கள். அதே பென்சிலால் அந்த அறிக்கையைத் திருத்தி, மேடையேற ஒப்புதல் கொடுத்தவரும் அவரேதான். அதோடு சோவியத் நாட்டில் மரபியல் என்ற துறையே முடக்கப்பட்டது. ஆராய்ச்சிக்கூடங்கள் மூடப்பட்டன, பாடநூல்கள் விலக்கப்பட்டன, எத்தனையோ பேர் வேலையிழந்தார்கள். சிரிப்புக்கு ஒரு முழுப் பத்தி கொடுத்த நீங்கள் இதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள்.

நல்லவர்களை மட்டும் வைத்துத் தொகுதி போடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹைடெக்கர் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். அவரை உங்கள் வரிசையிலிருந்து நீக்கச் சொல்லமாட்டேன். அவர் எழுதியதை எடுத்து வைத்துக்கொண்டு, வரிக்கு வரி மறுத்து, அவரையே வெட்கப்பட வைக்கும் அளவுக்கு எழுதலாம். எழுதியும் இருக்கிறார்கள். எழுதியவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். என் அளவுகோல் இவ்வளவுதான். ஒருவரிடம் "நீங்கள் சொல்வது தப்பு" என்று சொல்லிவிட்டு அன்றிரவு கதவைத் தட்டும் சத்தத்துக்குப் பயப்படாமல் தூங்க முடிந்தால், அவரோடு அறிவு பற்றிப் பேசலாம். முடியாதென்றால் அங்கே நடப்பதற்குப் பெயர் ஆட்சி. அதை ஆட்சி பற்றிய புத்தகத்தில் எழுதுங்கள்.

உங்கள் அத்தியாயம் பெரிதும் நம்பி நிற்பது மொழியியல் பற்றி அவர் 1950 ஜூனில் கட்சி நாளேடான 'பிராவ்தா'வில் எழுதியதை. அதனால் அதற்கே வருகிறேன்.

பின்னணி உங்களுக்குத் தெரியும். நிகோலாய் மார் என்பவரின் கோட்பாடு சோவியத் மொழியியலில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அரியணையில் இருந்தது. உலகத்து மொழிகள் எல்லாமே சல், பெர், யோன், ரோஷ் என்ற நான்கே அசைகளிலிருந்து முளைத்தவை என்றார் மார். மொழி என்பது வர்க்கத்துக்குச் சொந்தமானது என்றார். ஸ்டாலின் எழுதிய கட்டுரை அதை உடைத்தது. மொழி ஒரு வர்க்கத்துக்கு மட்டும் சொந்தமில்லை, அந்தச் சமூகம் முழுவதுக்கும் சொந்தம் என்றார். கருத்து மோதலும் விமர்சனச் சுதந்திரமும் இல்லாமல் எந்த அறிவியலும் வளராது என்றும் அதிலேயே எழுதினார். தங்களைத் தவறே செய்யாதவர்களாக எண்ணிக்கொண்ட ஒரு மூடிய குழு, விமர்சனத்திலிருந்து தன்னைக் காத்துக்கொண்டு தான்தோன்றித்தனமாக நடக்கிறது என்று கடிந்தும் கொண்டார். எழுதியவர் யார் என்பதை மறந்துவிட்டுப் படித்தால் கைதட்டத் தோன்றும். நீங்கள் தட்டியிருக்கிறீர்கள்.

மார் பற்றி அவர் சொன்னது சரியா? பெரும்பாலும் சரி. ஆனால் அதைச் சொன்ன முதல் ஆள் அவர் இல்லை. அவருக்கு இருபத்தொரு ஆண்டுகள் முன்பே, 1929இல், மாஸ்கோவில் அறிஞர்கள் கூடிய அவையில் எழுந்து நின்று மார் கோட்பாட்டுக்கு ஆதாரமில்லை என்று ஒருவர் சொன்னார். பெயர் யெவ்கெனி பொலிவானோவ். உங்கள் தொகுதியில் தேடிப் பார்த்தேன். அத்தியாயத்திலும் இல்லை, பெயரடைவிலும் இல்லை.

பொலிவானோவ் யார்? ஒரு கையை இளமையிலேயே இழந்தவர். ஜப்பானுக்குப் போய் அங்குள்ள பேச்சுவழக்குகளின் ஒலியேற்ற இறக்கத்தை ஆராய்ந்த முன்னோடி. ரஷ்ய எழுத்தில் ஜப்பானியப் பெயர்களை எழுதும் முறை இன்றைக்கும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. சீனம், உஸ்பெக், துங்கன் என்று அவர் கை வைத்த மொழிகளைச் சொல்லி மாளாது. அக்டோபர் புரட்சியை மனமார வரவேற்ற ஆள், கட்சியிலும் இருந்தவர். 1929க்குப் பிறகு மார் பக்தர்கள் அவரைச் சும்மா விடவில்லை. மாஸ்கோவில் இருக்க முடியவில்லை, அங்கே எழுதியதை அச்சேற்றவும் வழியில்லாமல் போனது. மத்திய ஆசியாவுக்குப் போனார். போன இடத்திலும் சும்மா உட்காரவில்லை, அங்குள்ள மொழிகளைப் படித்தார், இலக்கணம் எழுதினார்.

1937 ஆகஸ்டில் கைது செய்தார்கள். ஜப்பானிய உளவாளி என்று குற்றச்சாட்டு. ஜப்பானிய மொழி தெரிந்தவரை வேறு எந்த நாட்டு உளவாளி என்று சொல்வார்கள்? விசாரணைக் காவலில் இருந்தபடி அவர் கொடுத்த மனு ஒன்று ஆவணக் காப்பகத்திலிருந்து பின்னாளில் வெளியே வந்தது. அடித்து விசாரிப்பதை நிறுத்துங்கள் என்று கேட்கிறார். எதற்காக? அடி தாங்காமல் தான் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது, அது விசாரணையைக் குழப்பிவிடும் என்பதற்காக. தன்னை அடிக்கிறவர்களிடம்கூட, கிடைக்கும் தகவல் பிழையாகிவிடும் என்று எச்சரிக்கிறார். உங்கள் தொகுதி முழுக்கத் தேடினாலும் அறிவின் மேல் இவ்வளவு விசுவாசம் வைத்த இன்னொரு வாக்கியம் கிடைக்குமா என்று தெரியவில்லை. 1938 ஜனவரி 25 அன்று சுட்டுக் கொன்றார்கள். உளவாளி அல்ல என்று 1963இல் அரசே ஒப்புக்கொண்டது.

மார் கோட்பாட்டை மறுத்ததற்காகவே சுட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. 1937, 1938 என்ற அந்த இரண்டு ஆண்டுகளில் சுடுவதற்குக் காரணம் தேவைப்படவில்லை. ஸ்டாலினும் நெருங்கியவர்களும் கையெழுத்துப் போட்டுத் தள்ளிய பெயர்ப்பட்டியல்கள் மட்டும் 383. அவற்றில் 40,000க்கும் மேற்பட்ட பெயர்கள், பெரும்பாலும் மரண தண்டனைக்கு. நான் கேட்பது இதுதான்: ஒரே கருத்தை 1929இல் சொன்னவருக்குக் குழியும், 1950இல் சொன்னவருக்கு அறிஞர் வரிசையில் இடமும் எந்த நியாயத்தில் கிடைக்கிறது? கருத்தை மட்டும்தான் எடைபோடுகிறோம் என்றீர்களே, அப்படியானால் முதலில் சொன்னவரை அல்லவா சேர்த்திருக்க வேண்டும்?

1950 கட்டுரை வெளியானதும் நடந்ததும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேற்றுவரை மாரைக் கொண்டாடிய பேராசிரியர்கள் ஒரே இரவில் மாறினார்கள். ஒருவரும் எதிர்த்து எழுதவில்லை. விவாதத்தை அழைத்தவரே தீர்ப்பும் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு யார் வாய் திறப்பார்கள்? ஒரு தப்பான கோட்பாட்டை ஆணை போட்டு நிறுத்திவைத்தார்கள், பிறகு ஆணை போட்டே இறக்கினார்கள். காது கசக்கும் சொல்லைப் பொறுப்பவனே வேந்தன் என்று அரசனுக்கே விதி வகுத்த மொழி நம்முடையது. அறிஞனுக்கு அதைவிடக் குறைந்த விதியா வைப்பது?

எண்களோடு அவர் நடந்துகொண்ட விதத்தையும் பாருங்கள். 1934 கட்சி மாநாட்டில் நாட்டின் மக்கள்தொகை 16.8 கோடி என்று அறிவித்தார். 1937 ஜனவரியில் கணக்கெடுப்பு நடந்தபோது வந்தது ஏறத்தாழ 16.2 கோடி. நடுவில் மூன்று ஆண்டுகள் ஓடியும் எண்ணிக்கை ஏறவில்லை, அவர் சொன்னதைவிடக் குறைவாக வந்தது. 1932-33 பஞ்சத்தில் இலட்சக்கணக்கில் செத்தவர்கள் அந்தக் கணக்கில் ஓட்டையாகத் தெரிந்தார்கள். அறிவை மதிக்கிற மனிதர் என்ன செய்வார்? தன் எண்ணைத் திருத்துவார். இவர் ஆட்சியில் கணக்கெடுப்பு செல்லாது என்று ரத்தானது, எண்ணியவர்களின் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள், சிலர் சுடப்பட்டார்கள். 1939இல் மறுபடி எண்ணினார்கள், திருப்தியான விடை வந்தது. வராமல் இருக்குமா?

ஒரு விஷயத்தில் உங்களுக்கு முன்னோடிகள் உண்டு. சோவியத் அறிவியல் அகாதெமி 1939 டிசம்பரில் ஸ்டாலினைக் கௌரவ உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. எட்டு மாதம் கழித்து அதே அகாதெமியின் உறுப்பினர் நிகோலாய் வவிலோவ், உலகம் முழுக்கச் சுற்றிப் பயிர் விதைகளைத் திரட்டியவர், கைதானார். 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் பட்டினியால் நலிந்து இறந்தார். உலகத்துப் பசிக்கு விதை தேடியவர். 1945இல் அவருடைய தம்பி செர்கெய், இயற்பியலாளர், அகாதெமியின் தலைவராக்கப்பட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஸ்டாலினின் அறிவியல் மேதைமையைப் புகழ்ந்து எழுத வேண்டியிருந்தது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். உங்களுக்கு அப்படி என்ன நெருக்கடி?

நூலகமும் பேனாவும் இருந்தால் போதும் என்பதுதான் தகுதி என்றால், அடுத்த தொகுதிக்கு ஆள் தேடி நீங்கள் அலைய வேண்டாம். ஹிட்லரிடம் ஆயிரக்கணக்கில் புத்தகங்கள் இருந்தன. போர்ச்சுகல் சர்வாதிகாரி சலசார் பொருளாதாரப் பேராசிரியர். கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியில் நாட்டின் தலைவராக உட்கார்ந்திருந்த கியூ சம்பான் பாரிஸில் முனைவர் பட்டம் வாங்கியவர். சதாம் உசேன் நாவல் எழுதினார். லிபியாவின் கடாபி தத்துவமே எழுதி நாடு முழுக்கப் படிக்க வைத்தார். மாவோ முரண்பாடு பற்றித் தத்துவக் கட்டுரையும் எழுதினார், கவிதையும் எழுதினார். நூறு பூக்கள் மலரட்டும் என்று விமர்சனத்தை அழைத்துவிட்டு, வாய் திறந்தவர்களில் 5 இலட்சம் பேருக்கும் மேல் வலதுசாரி என்று முத்திரை குத்த வைத்தார். இவர்கள் எல்லோரையும் ஒரே அட்டைக்குள் சேர்த்தால் தொகுதி நன்றாக விற்கும். பரிசுப் பதிப்பாகக்கூடப் போடலாம்.

கொஞ்சம் வரம்பு மீறிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோபம் உங்கள் தொகுதி ஒன்றின் மேல் மட்டும் இல்லை. அதிகாரத்தில் இருக்கிறவர் நாலு புத்தகத்தைத் தொட்டாலே அவரைச் சிந்தனையாளர் ஆக்கிவிடுகிற பழக்கம் எழுதுகிறவர்களுக்கு இருக்கிறது. ஊரில் ஒரு ஆசிரியர் நாற்பது வருஷம் படித்தால் அவருக்குப் பட்டம் கொடுக்க யாரும் கிளம்புவதில்லை. கொலைகாரர் படித்தால் மட்டும், அட, இவர் படிப்பாராமே என்று வியப்பு. அந்த வியப்பையே தகுதியாக அச்சடித்துவிடுகிறார்கள். உள்ளே உள்ளதைப் படிக்கிற மாணவர் அதை வியப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், பாடமாக எடுத்துக்கொள்வார்.

ஸ்டாலினைப் படிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவசியம் படிக்க வேண்டும், அவருடைய ஓரக்குறிப்புகள் உட்பட. உங்களிடமே ஆட்சியாளர்கள் பற்றிய தொகுதி இருக்கிறது. அந்த அத்தியாயத்தை, மரபியல் முடக்கப்பட்டது பற்றிய அந்த ஒரு வரியைக் கொஞ்சம் விரித்து, அங்கே கொண்டுபோய் வையுங்கள். அறிஞர் வரிசையில் காலியாகும் பக்கங்களைப் பொலிவானோவுக்குக் கொடுங்கள். எழுத ஆள் கிடைக்கவில்லை என்றால், மொழியியல் தெரிந்த வாசகர்கள் சிலர் சேர்ந்து கூலி கேட்காமலே வரைவு எழுதித் தரத் தயாராக இருக்கிறோம். திருத்துவதும் தள்ளுவதும் உங்கள் உரிமை.

மாற்றப்போவதில்லை என்று முடிவு செய்தால், அதற்கான காரணத்தையாவது அடுத்த பதிப்பின் முன்னுரையில் எழுதுங்கள். தயவுசெய்து பழைய அச்சடித்த பதில் வேண்டாம். 1929க்கும் 1950க்கும் இடையில் நீங்கள் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற கேள்விக்கு நேரான பதிலை எதிர்பார்க்கிறேன்.

மரியாதையுடன்,
உங்கள் தொகுதிகளை முதல் பாகத்திலிருந்து வாங்கி வரும் ஒரு வாசகர்