பார்ட்டி ஹால் ஏசி: ஞாயிறு முதல் ஓட்டம்

எல்லோருக்கும் வணக்கம். மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கும் புது பேக்கேஜ் ஏசியை (எல்லாப் பாகமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் வகை) 15ஆம் தேதி ஞாயிறு காலை 10 மணிக்கு முதல் தடவை ஓட்டுகிறோம். குளிர், சூடு இரண்டும் தரும் மாடல். சென்னையில் சூடு எதற்கு என்ற விவாதத்தை மறுபடி ஆரம்பிக்க வேண்டாம்.

1. சனி காலை மெயின் அணைந்திருக்கும்போதே மெக்கானிக் பேக்கிங் போல்ட்டுகளைக் கழற்றி, வயர் திருகுகளை முறுக்கிப் பார்ப்பார்.

2. சனி 9 மணிக்கு மெயின் போடப்படும், ஆனால் யூனிட் ஓடாது. கம்ப்ரசர் அடியில் உள்ள சின்ன ஹீட்டர் 24 மணி நேரமாவது எண்ணெயைச் சூடாக்கி அதில் கலந்திருக்கும் ஏசி கேஸைப் பிரித்தால்தான் ஸ்டார்ட் ஆகும்போது கம்ப்ரசர் அடிவாங்காது. அதனால் "சும்மாதானே இருக்கு" என்று அந்த சுவிட்சை யாரும் அணைக்காதீர்கள், ப்ளீஸ்.

3. துணிக்கொடி, தொட்டிச்செடி எல்லாவற்றையும் வெள்ளி இரவுக்குள் நகர்த்துங்கள். நேற்று பார்த்தால் காற்று இழுக்கும் வலை மேலேயே ஒரு நீலப் போர்வை காய்கிறது!

4. ஹாலில் பெயிண்ட் தேய்க்கும் வேலை அதற்குள் முடியட்டும், தூசியெல்லாம் ஃபில்டரில் போய் அடைக்கும்.

5. இரண்டு நாளும் பிள்ளைகளை மாடிக்கு அனுப்ப வேண்டாம்.

6. ஃபேஸ் வரிசை, அதாவது மூன்று கரண்ட் வயர்களை இணைத்த வரிசை, மாறியிருந்தால் கம்ப்ரசர் தலைகீழாகச் சுற்றிக் கத்தும், உடனே அணைத்துவிட்டு இரண்டு வயரை மாற்றிப் போடுவார்கள். பயப்படாதீர்கள்.

ஞாயிறு கூட நிற்க இரண்டு பேர் வேண்டும். வர முடிந்தவர்கள், அப்புறம் அந்தப் போர்வைக்காரர், வெள்ளி மாலைக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.