அந்தத் தாளுக்கும் அதை எழுதிய தாதிக்கும்

அன்புக்குரியவர்களே,

சிறுநீரகங்கள் செயலிழந்ததால், வயிற்றில் பொருத்திய குழாய் வழியே திரவத்தை உள்ளே விட்டு வடித்து இரத்தத்தைச் சுத்திகரிக்கும் வயிற்று டயலிசிஸை வீட்டிலேயே செய்துவருபவன் நான். கடந்த மாதம் என் வயிற்றுக்குள் கிருமி தொற்றியதை எங்கள் திருகோணமலை உப்புவெளியில் அறியாதவர் இல்லை. ஆகையால் அதை இங்கே முழுவதுமாக விவரிக்கவில்லை. மருந்து முடிந்து, வயிற்றுக் குழாயை அகற்ற வேண்டிய நிலையும் வராமல், நேற்று முன்தினம் வீடு வந்து சேர்ந்தேன். உடல் இன்னும் தளர்ந்தே இருக்கிறது. ஆனாலும் இந்த மடலை நாளைக்கென்று ஒத்திவைக்க மனம் இடங்கொடுக்கவில்லை.

என் முதல் நன்றி, வீட்டிலேயே வயிற்று டயலிசிஸ் செய்ய எனக்குப் பயிற்சி தந்த தாதிக்கு உரியது. தம் பெயரை எழுத வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டார். கை கழுவுதல், முகக்கவசம் அணிதல், கச்சான் காற்று அனலாய் வீசும் நாளிலும் யன்னலைச் சாத்தி மின்விசிறியை நிறுத்திய பிறகே குழாயின் மூடியைத் திறத்தல் என்று ஒவ்வொரு படியையும் முதலில் அவர் செய்து காட்டினார். பின்னர் என்னைச் செய்யச் சொன்னார். அதன் பின்னர், நானே ஆசிரியர் என்பதுபோல என் மனைவிக்கு அதைக் கற்பிக்கச் சொல்லிவிட்டு அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்த எனக்கு, பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் தனக்குத் தெரியாதது எதுவென்று தெரியவரும் என்பது புதிதல்ல. ஆயினும் நோயாளியாக அமர்ந்திருந்த அந்த நாளில் அது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

பயிற்சியின் கடைசி நாளில் அவர் ஒரு தாளைத் தந்தார். சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அவர், யாரிடமோ கேட்டுக் கேட்டு, பெரிய எழுத்தில் தம் கையாலேயே எழுதியிருந்தார்: ‘இந்த எலுத்து தெரியாவிட்டால் உடனே வாங்க. பையையும் கொண்டு வாங்க.’ வயிற்றிலிருந்து வடிந்த திரவம் நிறைந்த பையை அந்தத் தாளின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். திரவம் தெளிவாக இருந்தால் எழுத்துத் தெரியும். கிருமி தொற்றி, அதை எதிர்க்க வெள்ளை அணுக்கள் திரண்டிருந்தால் திரவம் கலங்கி எழுத்து மறைந்துவிடும். எத்தனையோ கொப்பிகளில் இதே பிழையைச் சிவப்பு மையால் சுழித்த நான், அந்த லகரத்தை இன்றுவரை திருத்தவில்லை, திருத்தப் போவதுமில்லை.

நாளொன்றுக்கு நான்கு தடவை, தடவைக்கு இரண்டு லீற்றர் என்று மாதக்கணக்கில் அந்த வரியைத் திரவத்தினூடாக வாசித்து வந்தேன். அன்று விடியற்காலையில் வாசிக்க முடியவில்லை. காய்ச்சல் இல்லை, வலியும் அப்போது தொடங்கியிருக்கவில்லை. அடுத்த பையையும் பார்த்துவிட்டுப் போகலாமென்று ஒரு கணம் எண்ணியதை மறைக்க விரும்பவில்லை. ‘உடனே’ என்று அவர் எழுதியிருந்த சொல்தான் என்னை எழுப்பியது. கலங்கிய திரவத்தைக் கொட்டிவிடாமல் பையோடு கொண்டு சென்றதால், வைத்தியர்கள் அதையே பரிசோதனைக்கு அனுப்பி, மருந்தை டயலிசிஸ் திரவத்தில் கலந்து தாமதமின்றி வயிற்றுக்குள் செலுத்தினார்கள்.

அந்த இருளில் முச்சக்கரவண்டியை எடுத்த தம்பி, விடுதியில் என்னைக் கவனித்த வைத்தியர்களும் தாதியரும், பாரமான திரவப் பெட்டிகளை மாதந்தோறும் வீட்டுக்குள் சுமந்து வைக்கும் அயல் வீட்டுப் பிள்ளைகள், புரதம் குறையக் கூடாதென்று மீனும் முட்டையுமாகக் கொடுத்தனுப்பிய கிண்ணியா நண்பர்கள், பத்திரகாளி அம்மன் கோயிலில் எனக்காக அருச்சனை செய்தவர்கள் ஆகிய அனைவருக்கும் என் நன்றி. என் மனைவிக்கு எழுத்தில் நன்றி சொல்வது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர் இதை வாசிப்பார் என்பதால் இத்துடன் விடுகிறேன்.

இனி உடல் நிறையும் குருதி அழுத்தமும் வடிந்த அளவும் எழுதும் கொப்பியில் ஒரு நாளையும் வெறுமையாக விடமாட்டேன் என்று அந்தத் தாதிக்கு வாக்களிக்கிறேன். அத்துடன், அவரது தாளைப் பார்த்து இருபது பிரதிகள் என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். நிலாவெளி, மூதூர், கிண்ணியா என எங்கிருந்தாலும், இந்தச் சிகிச்சையைப் புதிதாகத் தொடங்குபவர்கள் வந்து ஒன்றைப் பெற்றுக்கொள்ளலாம். மாலை நான்கு மணிக்கு நான் பை மாற்றுவேன். அந்த அரைமணி நேரம் மட்டும் கதவு சாத்தியிருக்கும், தயவுசெய்து விறாந்தையில் அமர்ந்திருங்கள்.