ஜாப் கார்டில் ஏறாத கோளாறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கண் சிகிச்சைக்காக மாதந்தோறும் சேலம் செல்ல வேண்டிய என் தாயாரை முன்னிட்டு, வங்கிக் கடன் பெற்று ஏழு பேர் அமரக்கூடிய புதிய கார் ஒன்றை வாங்கினேன். வாங்கிய நான்காம் மாதமே, சேலத்திலிருந்து திரும்புகையில் தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஏசி தானாக நின்றது. வண்டியின் இழுவையும் குறைந்தது. கனரக லாரிகள் நெருக்கியடித்துச் செல்லும் அந்த வளைவுகளில், வயதான தாயாரையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு ஓரம் ஒதுங்க இடமின்றி நான் தவித்த தவிப்பைச் சொல்லி மாளாது.

இதே கோளாறுக்காக நான்கு முறை சர்வீஸ் நிலையத்திற்குச் சென்றேன். ஒவ்வொரு முறையும் சமதளச் சாலையில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டியில் குறை எதுவும் தெரியவில்லை" என்றே சொன்னார்கள். முழுச் சுமையுடன் ஏற்றத்தில் தெரியும் குறை சமதளத்தில் எப்படித் தெரியும்? கணவாய் வரை வந்து பாருங்கள் என்று கேட்டும் எவரும் வரவில்லை.

வாரண்டி முடிந்த மறுமாதம் ரேடியேட்டரையே மாற்ற வேண்டும் என்று கூறி, அதற்கான முழுத் தொகையையும் என்னிடம் கேட்டார்கள். வாரண்டிக் காலத்திலேயே சொன்னேனே என்றபோது, அப்படியொரு புகார் பதிவில் இல்லை என்றார்கள். வீட்டிற்கு வந்து பழைய ஜாப் கார்டுகளை, அதாவது வண்டியை விடும்போது சர்வீஸ் நிலையத்தில் எழுதித் தரும் வேலைச் சீட்டுகளை, எடுத்துப் பார்த்தேன். நான்கிலும் "பொதுப் பரிசோதனை" என்று மட்டுமே ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. கீழே என் கையெழுத்து. படிக்காமல் கையெழுத்திட்டது என் பிழைதான். ஆயினும், சொன்ன குறையை எழுதாமல் விட்டது யாருடைய பிழை?

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம். தேவைப்பட்டால் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பவும் ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு. ஆனால், குறை எப்போது தோன்றியது என்பதற்கு வாங்கியவரிடம் இருக்கும் முதல் சான்று அந்த ஜாப் கார்டே. ஆகவே, வாடிக்கையாளர் சொல்லும் குறையை அவர் சொன்னபடியே தமிழில் எழுதி, படித்துக் காட்டி, நகல் தருவதை ஒவ்வொரு சர்வீஸ் நிலையத்திற்கும் கட்டாயமாக்க அரசு உத்தரவிட வேண்டும்.

தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்க நான்கு கார்டுகளையும் எடுத்து வைத்திருக்கிறேன். கார் வீட்டு வாசலில் நிற்கிறது. கடன் தவணை போய்க்கொண்டிருக்கிறது. என் தாயார் தருமபுரியில் பேருந்து மாறித்தான் சேலம் சென்று வருகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.