கிரேஸி மோகனின் நாடக மேடை

ஆசிரியர் அவர்களுக்கு,

கிரேஸி மோகன் பற்றி யார் எழுதினாலும் 'மைக்கேல் மதன காமராஜன்', 'அவ்வை சண்முகி' என்று கமல் படங்களோடு நின்றுவிடுகிறார்கள். அவற்றுக்கு அவர் எழுதியவை அருமையான வசனங்கள்தான், சரி. ஆனால் சபா நாடகங்களைத் தொடர்ந்து பார்த்து வந்த எனக்கு இது குறையாகவே படுகிறது.

கிண்டியில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்தவர், சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். 1976-இல் எஸ்.வி.சேகருக்காக 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதினார். அந்த நாடகம்தான் அவர் பெயருக்கு முன்னால் 'கிரேஸி' ஆனது. அப்புறம் தம்பி மாது பாலாஜியோடு சொந்தக் குழு. 'சாக்லேட் கிருஷ்ணா'வில் கிருஷ்ணராகவே வந்து நிற்பார். ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது வந்து விழும். பாதி வசனம் காதில் ஏறாது! கதாநாயகிக்கு ஜானகி என்றே பெயர் வைப்பார், பள்ளியில் மேடையேற்றிய ஆசிரியையின் நினைவாக.

வெண்பாவும் எழுதினார், ஓவியமும் வரைந்தார். சிரிக்க வைப்பவரின் வெண்பாவை நம் இலக்கியக்காரர்கள் எங்கே கண்டுகொள்கிறார்கள்?

ஜூன் 10 அவர் நினைவு நாள். அடுத்த முறை சினிமா ஸ்டில்லுக்குப் பதில் அவருடைய வெண்பாக்கள் சிலவற்றை ஞாயிறு இணைப்பில் வெளியிடுங்கள்.

— சபா நாடக ரசிகர் ஒருவர்