வாசகர் மன்ற ஆண்டறிக்கை: மூன்றாம் பாகத்திலிருந்து தொடங்கிய வாசிப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் செயலாளரின் வணக்கம்.

கடந்த ஆண்டில் மாதக் கூட்டங்கள் யாவும் குறித்தபடி நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இவ்வறிக்கையின் பெரும்பகுதி ஒரே ஒரு நாவலைப் பற்றியதாக அமைந்துவிட்டமைக்கு உறுப்பினர்களே பொறுப்பு. ஒரே கூட்டத்தில் பேசி முடித்துவிடலாம் என்று எடுத்துக்கொண்ட அந்தக் கோதிக் வகை (இருளும் அச்சமும் மர்மமும் சூழ்ந்த கதைவகை) வரலாற்றுத் துப்பறியும் நாவல் மூன்று கூட்டங்களை விழுங்கியது. அதன் பொருட்டுத் தள்ளிவைக்கப்பட்ட கவிதை நூல் இரண்டும் இன்னும் காத்திருக்கின்றன. கதையின் சில முடிச்சுகளை இங்கே அவிழ்க்க வேண்டியிருப்பதால் நாவலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் குறிப்பிடவில்லை. படித்தவர்களுக்குத் தெரியும், படிக்கப்போகிறவர்களுக்கு இப்போது தெரிய வேண்டாம். கொலையாளி யார் என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதுவதில்லை என்ற நம் வழக்கத்தையும் மீறவில்லை.

முதலில் என் தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நாவல் ஒரு வரிசையின் மூன்றாம் பாகம் என்பதைக் கவனிக்காமல் பிரதிகளை வரவழைத்துச் சுற்றுக்கு விட்டேன். அட்டையில் சிறிய எழுத்தில் அது அச்சாகியிருந்தது. உறுப்பினர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முதலிரண்டு பாகங்களை முன்பே படித்தவர்கள். மற்றவர்கள் கதைநாயகரான காவல் ஆய்வாளரையும் அவருடைய உதவியாளரான சார்ஜெண்டையும் இதில்தான் முதன்முதலாகச் சந்தித்தார்கள். முதற்கூட்டத்தில் என்னைக் கடிந்துகொண்டவர்களே மூன்றாம் கூட்டத்தில் அந்தத் தவற்றை மன்றத்தின் நல்வாய்ப்பு என்றார்கள். காரணத்தைக் கீழே விளக்குகிறேன்.

கதை 1854-ஆம் ஆண்டின் இலண்டனில் நிகழ்கிறது. நகரில் காலரா பரவியிருந்த காலம். 1852-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மூடப்பட்ட பழைய தேவாலயக் கல்லறைத் தோட்டம் ஒன்றை ஒட்டி ஒரு மாளிகை நிற்கிறது. அதன் முதிய உரிமையாளர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக இரண்டே நாளில் இறக்கிறார். காலரா என்று மருத்துவர் எழுதிக் கொடுக்க, எவரும் கேள்வி கேட்கவில்லை. ஆர்சனிக் நஞ்சின் அறிகுறிகளும் அவையே என்பதால், கொள்ளைநோய்க் காலம் கொலையாளிக்கு எத்தனை வசதியானது என்பதை ஆசிரியர் முதல் முப்பது பக்கங்களுக்குள் உணர்த்திவிடுகிறார். இனி எவரையும் புதைக்கக் கூடாத அந்தத் தோட்டத்தின் நிலவறையில் மண் புதிதாகக் கிளறப்பட்டிருக்கிறது. இரவில் அங்கிருந்து மணியோசை கேட்கிறது.

உறுப்பினர்கள் ஒருமனதாகப் பாராட்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்: தேநீர்க் கிண்ணத்தின் அடியில் தங்கியிருந்த நீலக்கறை. பாத்திரம் துலக்கும் பெண் அதைக் கண்டு, துணிக்குப் போடும் நீலம் தன் விரலிலிருந்து ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்து, திட்டு வாங்க அஞ்சித் தேய்த்துக் கழுவிவிடுகிறாள். இருநூறு பக்கங்களுக்குப் பின்னரே அந்தக் கறையின் பொருள் நமக்குத் தெரிகிறது. இங்கிலாந்தின் 1851-ஆம் ஆண்டு ஆர்சனிக் சட்டம், சிறு அளவில் விற்கப்படும் ஆர்சனிக்கில் புகைக்கரியையோ அவுரி நீலத்தையோ கலந்தே விற்க வேண்டும் என்றது. மாவு, சர்க்கரை என்று எண்ணி எவரும் ஏமாந்துவிடக் கூடாது என்பதே நோக்கம். வாங்குபவரின் பெயரும் கையொப்பமும் விற்பவரின் ஏட்டில் பதிவாக வேண்டும். ஆக, சட்டமே கிண்ணத்தின் அடியில் தடயமாகப் படிந்து கிடந்திருக்கிறது. ஆர்சனிக்கைக் கண்டறிய ஜேம்ஸ் மார்ஷ் 1836-இல் வெளியிட்ட சோதனையின்படி கண்ணாடியில் கருமையாக மின்னும் படிவு திரள்வதை ஆய்வாளர் மூச்சடக்கிப் பார்க்கும் காட்சியைவிட, அந்தப் பெண் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியேறும் நான்கு வரிகளே மனத்தில் நிற்கின்றன என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கூறினார். இலண்டன் வேலைக்காரிக்கு ஏது முந்தானை என்று உடனே வேறொருவர் கேட்டதையும், அது மொழிபெயர்ப்பாளர் கட்டிவிட்ட முந்தானை என்று முடிவானதையும் பதிவுசெய்கிறேன்.

மொழிபெயர்ப்பு பற்றி மேலும் இரண்டு குறைகள் எழுந்தன. ஒரே இடம் சில அத்தியாயங்களில் ‘நிலவறை’ என்றும் சிலவற்றில் ‘கல்லறைக் கூடம்’ என்றும் வருவதால், மாளிகையின் வரைபடத்தைத் தாளில் வரைந்துகொண்டே படித்த உறுப்பினர் ஒருவர் இரண்டு அறைகளை வரைந்து, இரண்டாம் அறைக்கு வழி எங்கே என்று கடைசிவரை தேடியிருக்கிறார். மற்றொருவர், காவலர் விசில் ஊதும் காட்சியைக் காட்டி, இலண்டன் காவலர் 1880-களில்தான் விசிலுக்கு மாறினர், அதற்கு முன் அவர்கள் கையில் இருந்தது மரக் கிலுக்கை, எனவே ஆசிரியருக்கு வரலாறு தெரியவில்லை என்று கடுமையாகப் பேசினார். ஆங்கில மூலத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோது அங்கே கிலுக்கையே இருந்தது. அடுத்த கூட்டத்தில் அவர் தம் கண்டனத்தை ஆசிரியரிடமிருந்து மொழிபெயர்ப்பாளருக்கு மாற்றித் தருமாறு எழுத்து மூலம் கேட்டுக்கொண்டார், அவ்வாறே மாற்றப்பட்டது.

நாவல் மந்தமாக நகர்கிறது என்ற குறை வழக்கம்போல் வந்தது. பனிமூட்ட வருணனைகளில் பாதியை நீக்கலாம் என்பது என் கருத்தும்கூட.

உண்மையான பிளவு சார்ஜெண்ட் விஷயத்தில் ஏற்பட்டது. முதலிரண்டு பாகங்களைப் படித்தவர்களுக்கு அவர் வீட்டு மனிதர் போன்றவர். ஆய்வாளரின் உயிரை அவர் காப்பாற்றியதை அறிவார்கள். அவருடைய முழங்கால் வலியைக்கூட அறிவார்கள். ஆகவே அவர் ஒரு சாட்சியத்தை மறைத்தபோதும், நள்ளிரவில் மண்வெட்டியோடு தோட்டத்தில் நின்றபோதும், ஏதோ நியாயம் இருக்கும் என்று நம்பிக் கடந்து போனார்கள். மூன்றாம் பாகத்திலிருந்து தொடங்கியவர்களோ அவரையே முதற்குற்றவாளியாகக் கொண்டு, ஒவ்வொரு அத்தியாயத்திலும் அவருக்கு எதிராகச் சான்று சேர்த்தார்கள். இலண்டன் காவல்துறையின் துப்பறியும் பிரிவு 1842-இல் தொடங்கப்பட்டபோது அதில் இரண்டு ஆய்வாளர்களும் ஆறு சார்ஜெண்டுகளும் மட்டுமே இருந்தனர் என்பதையும், அத்தனை சிறிய குழுவில் ஒருவர் கறைபட்டவராக இருந்தால் ஆய்வாளர் எவரிடம்தான் போய்ச் சொல்ல முடியும் என்பதையும் புதிய வாசகி ஒருவர் எடுத்துரைத்தபோது, பழைய வாசகர்கள் முகத்தில் தெரிந்த கலக்கம் இன்னும் என் நினைவில் உள்ளது. நாங்கள் சந்தேகிக்க வேண்டியவரைப் பாசத்தால் விடுவித்துவிட்டோம் என்று அவர்களில் ஒருவர் ஒப்புக்கொண்டார்.

ஆனால் நிலவறைக் கதவு வெளியிலிருந்து தாழிடப்படும் அத்தியாயத்தில் நிலைமை தலைகீழானது. ஆய்வாளர் பிழைப்பார் என்பது இரு சாராருக்கும் தெரியும். நான்காம் பாகம் அவர் பெயரோடுதான் வந்திருக்கிறது. சார்ஜெண்டுக்கு அப்படி எந்த உறுதியும் இல்லை. அவருடைய விளக்கு அணையும் பக்கத்தைப் புதியவர்கள் ஆர்வத்தோடு புரட்டினார்கள். பழையவர்களில் இருவர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மறுநாள்தான் திறந்தார்களாம். புதிரைப் புதியவர்கள் நன்றாக அனுபவித்தார்கள், அச்சத்தைப் பழையவர்கள் நன்றாக அனுபவித்தார்கள் என்பதே என் கணிப்பு. ஒரே பிரதிகளைக் கொடுத்திருந்தும் இரண்டு நாவல்களைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருந்தோம் என்பது மூன்றாம் கூட்டத்தில்தான் விளங்கியது.

முடிவைப் பற்றிய விவாதம் இறுதிவரை தீரவில்லை. மணியோசைக்குக் காரணம் ஒரு கம்பி என்று ஆய்வாளர் நிறுவுகிறார். வழக்கு முடிகிறது. கம்பியை அறுத்தாகிவிட்டது. கடைசிப் பக்கத்தில் மணி மீண்டும் ஒருமுறை ஒலிக்கிறது. துப்பறியும் கதையில் இது மோசடி என்றார் ஒரு சாரார். மற்றவர்கள், ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1764-இல் வெளியிட்ட தம் கதையை மறு ஆண்டின் இரண்டாம் பதிப்பில் ‘கோதிக் கதை’ என்று அழைத்த நாளிலிருந்தே இவ்வகையில் இருளுக்கு இடம் உண்டு என்றனர். உடனே எதிர்த்தரப்பு, எல்லா அமானுஷ்யத்துக்கும் கடைசியில் இயல்பான காரணம் சொன்ன ஆன் ராட்கிளிஃபும் கோதிக் எழுத்தாளர்தானே என்று மடக்கியது. செயலாளர் என்ற முறையில் நான் நடுநிலை வகித்தேன். வாசகன் என்ற முறையில் என் எண்ணம் வேறு: அந்த மணி இருளுக்காக ஒலிக்கவில்லை, நான்காம் பாகத்துக்காக ஒலிக்கிறது. பயமுறுத்துவதற்காக அடித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

இனி மன்றத்தின் உடைமை பற்றிய ஒரு செய்தி. சுற்றுக்கு விட்ட பிரதிகளுள் ஒன்றின் 47-ஆம் பக்கத்தில், ஒரு பாத்திரத்தின் பெயருக்கு அருகே ‘இவர்தான்’ என்று எவரோ பென்சிலால் எழுதியிருக்கிறார். எழுதியவர் இதுவரை முன்வரவில்லை. குறிக்கப்பட்ட பாத்திரம் கொலையாளியும் அல்ல. அந்தப் பிரதியைப் படித்த நால்வரும் முந்நூறு பக்கங்கள் தவறான ஆளைக் கண்காணித்துக்கொண்டே சென்றிருக்கிறார்கள். அவர்களுள் நானும் ஒருவன். புத்தகத்தில் எழுதக் கூடாது என்ற விதியை மீண்டும் நினைவூட்டுகிறேன். எழுத்தை அழித்துவிடலாம் என்று கொண்டுவரப்பட்ட தீர்மானம், நால்வரில் மூவரே எதிர்த்ததால், நிறைவேறவில்லை.

வரும் ஆண்டில் நான்காம் பாகத்தை எடுத்துக்கொள்வதென்றும், அதற்கு முன் விரும்புவோர் முதலிரண்டு பாகங்களைப் படிக்க, விரும்பாதோரை வற்புறுத்தாமல் விடுவதென்றும் செயற்குழு முடிவு செய்துள்ளது. எவர் எதைப் படித்தார் என்ற பட்டியலை இம்முறை முன்கூட்டியே எடுத்து வைப்பேன். கூட்டங்களுக்கு இடம் அளித்தவர்களுக்கும், மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த உறுப்பினருக்கும், இரண்டு அறைகள் கொண்ட வரைபடத்தை மன்றத்துக்கே அன்பளிப்பாகத் தந்தவருக்கும் நன்றி தெரிவித்து, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்