கேள்வி கேட்ட தம்பிக்கும் சேர்த்து நன்றி

பாம்பன் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

கூட்டம் முடிந்து பத்து நாளாகிவிட்டது, டீச்சர் இன்னும் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்று நினைத்திருப்பீர்கள். மழையில் நனைந்ததில் நாலு நாள் காய்ச்சல். அப்புறம், கணக்கை முடிக்காமல் மடல் எழுதுவதில்லை என்று எனக்கு ஒரு பிடிவாதம். கணக்கு கடைசியில் இருக்கிறது, அவசரம் உள்ளவர்கள் நேரே அங்கே போகலாம்.

வெளியூரில் இருப்பவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் மூத்த தலைவர் தோழர் என்.சங்கரய்யா 2023 நவம்பர் 15ஆம் தேதி காலமானார். நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் அவருடைய படத்தைத் திறந்து வைத்தோம். மேடை, கட்அவுட் எதுவும் கிடையாது. வந்தவர்கள் எழுபது எண்பது பேர் இருப்பார்கள்.

நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. அவர் கட்சிக்கு ஓட்டுப் போட்டதும் உண்டு, போடாததும் உண்டு. பிறகு எதற்கு இந்த வேலை என்று என் மகளே கேட்டாள். காரணம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. நான் தமிழ் எம்.ஏ. படித்தது மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில், அஞ்சல்வழியில். பாசஞ்சர் ரயிலில் பாலத்தைத் தாண்டிப் போய்ப் பரீட்சை எழுதி வாங்கிய பட்டம் அது. அதே பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுக்களான சிண்டிகேட்டும் செனட்டும் சங்கரய்யாவுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டன. பல்கலைக்கழக வேந்தரான ஆளுநர் கையெழுத்துப் போடவில்லை. நவம்பர் 2ஆம் தேதி பட்டமளிப்பு விழா அவருக்குப் பட்டம் இல்லாமலே நடந்தது. உயர்கல்வித்துறை அமைச்சர் விழாவைப் புறக்கணித்தார். பதின்மூன்று நாளில் அந்தப் பெரியவரும் போய்விட்டார். சுவரில் இருந்த என் பட்டத்தைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

முதல் நன்றி, வலைக் கொட்டகையைக் கொடுத்த சங்கத்துத் தம்பிகளுக்கு. இடம் தருவதாகச் சொல்லியிருந்த ஒரு கூடத்துக்காரர்கள் முந்தின நாள் ராத்திரி கையை விரித்துவிட்டார்கள். யார் என்று எழுதப் போவதில்லை, அவர்களுக்கும் என்ன நெருக்கடியோ. தகவல் தெரிந்த அரைமணி நேரத்தில் கொட்டகையில் கிடந்த வலைகளை ஓரமாகக் குவித்து, ஒழுகுகிற இடத்தில் தார்ப்பாய் கட்டி, மீன் வாடை தெரியாமல் இருக்கத் தரையைக் கழுவியும் விட்டார்கள். வாடை போகவில்லை. யாருக்கும் அது குறையாகவும் படவில்லை.

பூ கட்டித் தந்த சின்னப்பாலத்து மதினிமாருக்கு அடுத்த நன்றி. அவர்கள் பாசி எடுக்கப் போய்விட்டு நேராக வந்தவர்கள். விரல்களில் சுற்றிய துணியைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. பாறையில் மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கும்போது விரல் கிழியாமல் இருக்கச் சுற்றுகிற துணி அது. உப்பில் ஊறி வெளுத்த அந்த விரல்களால் சாமந்தியை எடுத்து எடுத்துத் தொடுத்தார்கள். அதில் ஒருத்தி படத்தைக் காட்டி, "இவரு எத்தன வருசம் ஜெயில்ல இருந்தாரு டீச்சர்?" என்று கேட்டாள். மொத்தம் எட்டு வருஷம் என்றேன். பூவை மடியில் வைத்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் எல்லை தாண்டினார் என்று பிடிபட்டு யாழ்ப்பாணம் சிறையில் ரெண்டு மாதம் இருந்தவர். "ரெண்டு மாசத்துக்கே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எட்டு வருசமா? யாரை வெட்டுனாரு?" என்றாள்.

யாரையும் வெட்டவில்லை. 1941இல் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பி.ஏ. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தார். மாணவர்களைத் திரட்டி வெள்ளைக்காரனை எதிர்த்தார். இறுதித் தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது பிடித்துக்கொண்டு போனார்கள். பி.ஏ. அதோடு நின்றது. பிறகும் உள்ளே வெளியே, உள்ளே வெளியே என்றுதான் ஓடியது. கம்யூனிஸ்ட் தலைவர்கள் மேல் வெள்ளைக்காரன் போட்ட மதுரைச் சதி வழக்கில் சிறையில் இருந்தவர் வெளியே வந்த தேதி 1947 ஆகஸ்டு 14. மறுநாள் சுதந்திரம். சரி, இனி வீட்டோடு இருக்கலாம் என்றால் அதுவும் இல்லை. அடுத்த வருஷமே கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்தார்கள், மறுபடி தலைமறைவு. இதையெல்லாம் சொன்னபோது அந்த மதினி ஒன்றும் பேசவில்லை. படத்துக்கு மாலை போட்டது அவள்தான். அப்படி முன்கூட்டித் திட்டம் எதுவும் போட்டிருக்கவில்லை.

இப்போது கேள்வி கேட்ட தம்பிக்கு வருகிறேன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிற தம்பி, கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டான். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. நாங்கள்லாம் அரியர் எழுதி எழுதி டிகிரி வாங்குனோம். பி.ஏ.வே முடிக்காதவருக்கு எதுக்கு டாக்டர் பட்டம்? மூணு தடவ எம்.எல்.ஏ.வா இருந்து அப்படி என்ன செஞ்சாரு? ஒரு பாலம், ஒரு கட்டடம் காட்டுங்க."

சிலர் அவனை உட்காரச் சொன்னார்கள். அது வேண்டாத வேலை. படத்துக்கு முன்னால் கை கூப்பிவிட்டுப் போய், டீக்கடையில் இதையே முணுமுணுப்பவர்களைவிட நேரில் கேட்டவன் மேல். அவன் கேட்கவில்லை என்றால் அன்றைய கூட்டமே வெறும் புகழாரமாகப் போயிருக்கும். அதனால் நன்றி தம்பி, மனசாரச் சொல்கிறேன்.

முதல் பாதிக்குப் பதில் சொன்னது நானில்லை. மூலையில் உட்கார்ந்து, கூட்டம் நடக்கும்போதே கையில் ஊசியோடு வலையைப் பொத்திக்கொண்டிருந்த பெரியவர். தலையைத் தூக்காமலே கேட்டார்: "அந்த யுனிவர்சிட்டிக்கு யாரு பேரு வச்சிருக்கு?" காமராசர் பேர் என்றோம். "அவரு எத்தனாப்பு வரைக்கும் படிச்சாரு?" கொட்டகையே சிரித்தது. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 1978இல் காமராசர் பெயரை வைத்தார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட அவர், அந்நாளைய நம் இராமநாதபுரம் மாவட்டத்து விருதுநகர்க்காரர். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்திருக்கிறேன், அந்தப் பெயரைப் போட்ட சான்றிதழைத் தினமும் பார்க்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை. பெரியவருக்கு என் வணக்கம்.

ரெண்டாவது பாதிக்கு நான் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டது. அதனால் இங்கே சொல்கிறேன்.

1967இல் மதுரை மேற்கு, 1977இலும் 1980இலும் மதுரை கிழக்கு. மூன்று தடவை அவர் சட்டமன்றத்தில் இருந்தது உண்மை. அவர் கட்சி தமிழ்நாட்டில் ஒரு நாளும் மந்திரிசபையில் இருந்ததில்லை என்பதும் உண்மை. பாலம் கட்டுகிற கையெழுத்து அவர் கையில் எப்போதும் இருக்கவில்லை. நம் ரோட்டுப் பாலத்தை 1988இல் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார், இந்திரா காந்தி பெயர் வைத்தார்கள். கல்வெட்டில் பேர் இருந்தால்தான் வேலை செய்ததாகக் கணக்கு என்றால், பாலத்தில் கம்பி கட்டியவன் எந்தக் கணக்கில் வருவான்? சங்கரய்யா செய்தது கம்பி கட்டுகிற வேலை. விவசாயிகள் சங்கத்தில் தொடங்கி அகில இந்தியப் பொறுப்பு வரைக்கும் போனார். கட்சிப் பத்திரிகையில் ஆசிரியராக இருந்தார். 1964இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் கவுன்சிலிலிருந்து வெளியேறி மார்க்சிஸ்ட் கட்சியைத் தொடங்கிய 32 பேரில் ஒருவர். 1995 முதல் 2002 வரை மாநிலச் செயலாளர். அவர் கட்சி எடுத்த நிலைப்பாடு எல்லாவற்றையும் நான் தாங்கிப் பேச மாட்டேன். 1942இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தை ஆதரிக்காத நிலைப்பாட்டைப் பற்றிச் சரித்திரம் படித்த ஒரு அண்ணன் கேட்டார், நியாயமான கேள்விதான், அது கட்சி பதில் சொல்ல வேண்டியது. நான் சொல்வது ஒரு தனி மனிதரின் பற்றுவரவு. எண்பது வருஷத்துக்கு மேல் பொதுவாழ்க்கை. பதவியில் சம்பாதித்தார் என்று எதிர்க்கட்சிக்காரன்கூடச் சொன்னதில்லை.

2021இல் தமிழக அரசு முதல் தகைசால் தமிழர் விருதை அவருக்குத்தான் கொடுத்தது. பத்து லட்சம் ரூபாய். கொரோனா நிவாரண நிதிக்கு அப்படியே கொடுத்துவிட்டார். இதைச் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, "வீட்ல யாரும் சண்ட போடலியா?" என்று கேட்டது பாருங்கள், அதுதான் நம்ம ஊர்.

வீடு என்றதும் இன்னொன்று. 1947இலேயே, கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த நவமணி அம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டவர் அவர். கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற நம் ஊரிலேயே இன்றைக்கும் அப்படி ஒரு கல்யாணம் என்றால் எத்தனை பஞ்சாயத்து நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். கூட்டத்தில் நான் இதைச் சொன்னதும் சிலர் தரையைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கரண்டு போனதும் மைக் செட் தம்பி தவித்துப்போனான். அவனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதே வலை பொத்துகிற பெரியவர் ஒரு காலத்தில் இராமநாதபுரம் அரண்மனை வாசலில் சங்கரய்யா பேசிக் கேட்டிருக்கிறாராம். எந்த வருஷம் என்று நினைவில்லை. "அவரு குரலுக்கு மைக்கு எதுக்கு? கடலுக்கு அந்தாண்ட கேட்கும்" என்றார். ஆகவே உன் மேல் குறை ஒன்றுமில்லை தம்பி. வாடகை வேண்டாம் என்று சொல்லி, ஆட்டோவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டாய். நன்றி.

இருட்டில் செல்போன் வெளிச்சம் அடித்தவர்களில் முதல் ஆள் அந்தக் கேள்வித் தம்பிதான். அதையும் பதிவு செய்கிறேன்.

டீக்கடை பாய் பாலுக்கும் சர்க்கரைக்கும் மட்டும் காசு வாங்கினார். ஜெராக்ஸ் கடைப் பெண், பத்திரிகையில் வந்த சின்னப் படத்தைத் தெளிவாக்கிப் பெரிதாகப் போட்டுத் தந்தாள். மூன்று தடவை அச்செடுத்து ஒரு தடவைக்குத்தான் காசு வாங்கினாள். அந்தப் பெரிய மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் கண் தெரிகிற வரைக்கும் விடவில்லை.

இனி கணக்கு. வசூல் 4,310 ரூபாய். படமும் சட்டமும் 850, தார்ப்பாய் வாடகை 600, டீ சுண்டல் 1,640, பூ 400, ஜெராக்ஸ் 120, மைக் செட் வந்த ஆட்டோ 300. ஆகச் செலவு 3,910. மீதி 400. அதை என்ன செய்வது என்று மதினிமாரிடமே கேட்டேன். இப்போதும் புருஷன் அந்தக் கரைச் சிறையில் இருக்கிற ஒரு பெண், கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போக வர பஸ் செலவுக்கு வைத்துக்கொள்ளட்டும் என்றார்கள். அவள் முதலில் வாங்க மாட்டேன் என்றாள். அப்புறம் வாங்கிக்கொண்டாள். ரசீதுகள் என்னிடம் இருக்கின்றன, யாரும் வந்து பார்க்கலாம்.

படம் இப்போதைக்கு எங்கள் வீட்டில், என் பட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கொட்டகைக்கு ஓடு மாற்றியதும் அங்கே மாட்டிவிடலாம் என்று சங்கத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்றே ஒன்று. சுண்டல் வந்த எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. மூடியில் ஒரு நெளிசல், அடியில் ‘செ’ என்று வெட்டியிருக்கிறது. யாருடையது என்று தெரியவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
பாம்பன், 6.12.2023