கரையைக் கடந்த புயல் மலையையும் கடக்கும்வரை சொல்லுங்கள்

வானிலை முன்னறிவிப்பு, பேரிடர் எச்சரிக்கைப் பொறுப்பிலுள்ள அலுவலர்களுக்கு,

வணக்கம். 2024 டிசம்பர் முதல் இரண்டு நாட்களில், எங்கள் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். ஃபெஞ்சல் புயல் கடலில் இருந்தவரை அதன் ஒவ்வோர் அசைவும் எங்களுக்குத் தெரிந்திருந்தது. வங்கக் கடலில் நங்கூரமிட்டு நிறுத்திய மிதவைகள் காற்றழுத்தத்தையும் காற்றின் வேகத்தையும் அளந்து செயற்கைக்கோள் வழியாக அனுப்ப, கணினி மாதிரிகள் காட்டிய பாதைகளை ஒப்பிட்டு நீங்கள் வெளியிட்ட அறிக்கைகளைக் காப்பிக் களத்தில் நின்றபடியே கைப்பேசியில் படித்தோம். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே புயல் கரையைக் கடந்தது. பல மணி நேரம் அங்கேயே நின்று, வலுக்குறைந்து, பிறகு மேற்கே எங்களை நோக்கி நகர்ந்தது. அந்த நகர்வை மட்டும் எங்களுக்கு யாரும் மணிக்கு மணி சொல்லவில்லை.

என் அக்காவின் கணவருக்கு வாரம் இருமுறை சேலத்தில் டயாலிசிஸ். அந்த வாரம் திங்கட்கிழமை காலை அவருடைய முறை. புயல் கடந்துவிட்டது, இனி வலுவிழக்கும் என்ற செய்தியை நம்பி, மறுநாள் முதல் பேருந்தில் இறங்கலாம் என்று ஞாயிறு முழுவதும் வீட்டிலேயே இருந்துவிட்டோம். அன்றிரவு ஓட்டின்மேல் கொட்டிய மழையில் பக்கத்தில் இருப்பவர் பேசியதுகூடக் காதில் விழவில்லை. விடிந்தபோது மலைப்பாதையில் மண் சரிந்து, மரமும் பாறையுமாக வழி அடைபட்டுக் கிடந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மாமா இரவும் பகலும் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்ப்பாள். உடலில் நீர் தேங்கியதால், விழுந்த குழி மேலெழ வெகுநேரம் ஆகும். பாதி வழி நடத்தியும் பாதி வழி ஜீப்பிலுமாக அவரைச் சேலம் சேர்த்தபோது செவ்வாய் மாலை ஆகிவிட்டது. ஞாயிறு மதியம் மலைக்கென்று ஒரு வரி வந்திருந்தால், அன்று மாலையே இறங்கிச் சேலம் நகரின் அம்மாபேட்டையில் உறவினர் வீட்டில் தங்கியிருப்போம்.

எச்சரிக்கையே வரவில்லை என்று நான் குற்றம் சொல்லவில்லை. மாவட்டத்துக்கு ஒரு நிறம் என்று வரும் எச்சரிக்கை அம்மாபேட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஒன்றாகவே இருக்கிறது என்பதுதான் என் முறையீடு. சேலம் நகரைவிட ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று சரிவில் மோதி மேலேறிக் குளிரும்போது மழை எங்கள்மீது கூடுதலாக இறங்குகிறது. நிலத்தை 12 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி மாதிரியோ அடிவாரத்தையும் உச்சியையும் ஒன்றாகச் சராசரியாக்கிவிடுகிறது. சென்னை ரேடாரின் கதிர், புவியின் வளைவால், இந்த மலையை எட்டும்போது ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. அதற்குக் கீழே மேகம் கொட்டுவதை அது எப்படிப் பார்க்கும்? அந்தத் திங்கள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், எங்களுக்கு வடக்கே கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. அது கடற்கரை ஊர் அல்லவே.

ஆகவே, புயல் கரையைக் கடந்த பிறகும், அது மலையைத் தாண்டும்வரை, சேர்வராயன் மலைக்கெனத் தனியாக, மணிக்கொரு முறை, தமிழில் அறிவிப்பு வேண்டும். மழைமானியில் பதிவான அளவை மறுநாள் காலை அறிந்து எங்களுக்கு ஒரு பயனும் இல்லை. மே மாதக் கோடை விழாவுக்கு வரும் வண்டிகளை வளைவுக்கு வளைவு ஆள் நிறுத்தி ஒழுங்குபடுத்த முடிகிறது. டிசம்பர் இரவில் அதே பாதையைப் பற்றி ஒரு சொல் கேட்க நாங்கள் யார் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை. மலையில் ஆண்டு முழுவதும் மனிதர்கள் வாழ்கிறோம் என்பதைச் சாலை துண்டான பிறகுதானா நினைப்பது?

கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் கைப்பேசியும் செயலிழந்துவிடுவதால், அறிவிப்பை ஊராட்சி ஒலிபெருக்கியிலும் வாசிக்கச் செய்யுங்கள். பாதையை மூட நேர்ந்தால், மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்கள் இறங்கிவிடும்படி பகல் வெளிச்சத்திலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் இந்த ஏற்பாட்டைச் செய்து தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏற்காட்டுக் காப்பி விவசாயி ஒருவர்